மதுரைக் கொட்டகையில் பினாங்கு மழை

மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடே கண்ணயரும் நேரத்தில் என் கால்கள் மட்டும் தாமாக எழுந்துகொள்ளும். கொல்லைப்புறம் ஓடுவேன். கயிற்றில் காயும் துணிகளை வாரிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து நின்ற பிறகுதான் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே நினைவுக்கு வரும். சோழவந்தானில் என் தங்கை வீட்டுக்கு வந்திறங்கிய அன்று இப்படிச் செய்தேன். பயணக் களைப்பு என்று விட்டுவிட்டார்கள். மறுநாளும் செய்தேன். என் தங்கை பொன்னுத்தாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "ஏண்ணே, ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஈரஞ் சொட்டச் சொட்ட எடுத்தாந்து வச்சிருக்கியே, வானத்துல பொட்டு மேகம் இருக்கா பாரு" என்றாள். பார்த்தேன். பொட்டு மேகம் இல்லை. வெயில் கண்ணைக் குத்தியது. "மழை வந்துட்டா?" என்று அசடு வழிந்தேன். "வரட்டுமே! வந்தா ஊரே கையெடுத்துக் கும்பிடும். ஒன் வேட்டி நனையுதுன்னு யாரு அழப் போறா?" என்று சொல்லிவிட்டு, அத்தனை துணியையும் மறுபடி உதறிக் காயப்போட்டாள்.

பினாங்கில் இருந்து இதைப் படிக்கிற நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே மழை விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். நம்பித் துணியைக் காயப்போடுவோம். பிற்பகலில் மலைப்பக்கம் கறுக்கும். ஏனென்று கேட்பதற்குள் சோவென்று கொட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி வெயில் அடிக்கும். நான் எழுத்துக் கோக்கும் தமிழ் அச்சுக்கூடத்தின் மாடியில்தான் எனக்கு வாசம். எனக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்து ஆண்கள் பலர் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பாயும் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டியுமாக இருக்கிறோம். அந்த ஊர் வழக்கப்படி துணியைக் கயிற்றில் போடுவதில்லை. நீள மூங்கிலில் கோத்து ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்து நீட்டிவிடுவோம். மற்றவர்கள் துறைமுகத்துக்கும் கடைகளுக்கும் போய்விடுவார்கள். கீழே வேலை செய்கிறவன் நான் ஒருவன்தான். ஆகவே முதல் துளி விழுந்ததும் கையில் இருக்கும் ஈய எழுத்துகளைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடி மூங்கிலை உள்ளே இழுப்பது என் பொறுப்பு. அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் மழைச் சத்தம் கேட்காது. அன்றைக்கு எல்லாரிடமும் ஏச்சு வாங்குவேன். இப்படிப் பழகிய கால்கள் சோழவந்தானுக்கு வந்தவுடன் சும்மா இருக்குமா?

இந்த முறை ஊரில் எனக்கு ஒரு தலைவலி காத்துக்கொண்டிருந்தது. தங்கையின் கணவர் சோலை வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். என்னைவிட இளையவர், அதிர்ந்து பேசாதவர். விடிந்தால் கொடிக்கால், அடைந்தால் வீடு. அப்படிப்பட்டவர் நான் வந்து பெட்டியை இறக்குவதற்குள் என்னைத் தனியே அழைத்துப்போய், திரும்பும்போது தன்னையும் பினாங்குக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். "கொடிக்காலுக்கு என்ன கொறை மாப்ள?" என்று கேட்டேன். "ஒரு கொறையும் இல்ல மச்சான். தண்ணி கட்டுறேன், கொடியக் கட்டுறேன், வெத்தலையக் கிள்ளுறேன். அம்புட்டுத்தான். வாய்க்காத் தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்து, கடலப் பாக்காமலே கட்டையில போயிருவேனோன்னு இருக்கு" என்றார். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை. பக்கத்துப் பாயில் சொந்தக்காரர் ஒருவர் படுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் ஆசை எழுந்தது. அதை மறைப்பானேன்? "வாங்க மாப்ள, போவோம்" என்று சொல்லிவிட்டேன்.

அன்றே அடுப்படியில் பொன்னுத்தாயி பிடித்துக்கொண்டாள். "அண்ணே, இவுகளக் கூட்டிட்டுப் போயிராத. கப்பலேறுனவுகள்ல யாரு சொன்னபடி திரும்புனா? நீயே, இந்தா வாரேன்னு போன. என் கல்யாணத்துக்காச்சும் வந்தியா?" அவள் குரல் உடைந்தது. என் தங்கை அழுது நான் பார்த்ததே இல்லை. "நான் சொல்லி நிப்பாட்டுறேன் தாயி" என்றேன். இப்படி இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, கப்பலுக்குச் சொல்லிவைக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க, வீட்டுக்குள் யார் கண்ணையும் பார்க்காமல் நடமாடிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ரயிலடியில் ஒரு நோட்டீஸ் கிடைத்தது. மதுரையில் வைகைக்கு வடகரையில் பழம் புத்தகங்களின் கண்காட்சி. அதற்குப் பக்கத்திலேயே சலனப்படக் கண்காட்சி, படமும் உண்டு. "மூணு பேரும் போய்ட்டு வருவோம்" என்றேன். ஒரு நாளாவது அந்தப் பேச்சை விட்டு இருக்கலாமே என்றுதான்.

காலை ரயிலில் போய் இறங்கினோம். மதுரை என் கண்ணுக்கு வினோதமாக இருந்தது. பினாங்குத் தெருக்களில் வீட்டுக்கு முன்னால் கூரைபோட்ட நடைபாதை உண்டு. மலாய் மொழியில் அதற்கு 'காக்கி லீமா' என்று பெயர். ஐந்தடி அகலம் இருப்பதால் அந்தப் பெயர். வெயிலோ மழையோ அதற்குள்ளேயே ஊரைச் சுற்றி வரலாம். இங்கே நான் பாட்டுக்கு ஓரமாகவே நடக்க, ஓரத்தில் கோலம், மாடு, சாக்கடை, பூக்கூடை என்று வரிசையாக வந்து மோதின. நம் ஊரில் தெருவின் நடுதான் நடப்பதற்கு. ஓரம் மற்ற எல்லாவற்றுக்கும். கையில் விரித்த குடை வேறு. பாலத்தில் எதிரே வந்த ஜட்கா வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "அண்ணே, ஆத்துல தண்ணியே இல்ல, ஒங்களுக்குக் கொடை ஒரு கேடா?" என்று சிரித்துவிட்டுப் போனார். கீழே எட்டிப் பார்த்தேன். மணலில் சலவைத் துணிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் காய்ந்துகொண்டிருந்தன. யாரும் அவற்றை எடுக்க ஓடவில்லை.

புத்தகக் காட்சி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். படியேறியதும் நான் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பினாங்கில் எங்கள் வாசகசாலை மாடியில் இருக்கிறது. மழைச் சேறு பலகைத் தரையில் ஒட்டக்கூடாது என்பதற்காக எல்லாருமே கீழே கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். அந்தப் பழக்கம். கோட்டும் கைக்கடிகாரமும் போட்டவன் கழற்றுவதைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் வந்தவர் செருப்பைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் வந்தவரும் கழற்றினார். ஓர் அம்மாள் தலையில் இருந்த மல்லிகையில் ஒரு கண்ணியைக் கிள்ளி வாசற்படியில் வைத்துக் கும்பிட்டே விட்டாள். தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட காரியதரிசி ஓடிவந்தார். "சார், செருப்பைக் கழற்றச் சொன்னது யார்? அப்படியொன்றும் நிபந்தனை இல்லையே!" என்று என்னிடமே கேட்டார். "தெரியலைங்க, எல்லாரும் கழட்டியிருக்காங்க" என்றேன். பொன்னுத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் செருப்புக் குவியலையும் மல்லிகையையும் பார்த்தார், யோசித்தார். "அதுவும் சரிதான், சரஸ்வதி இருக்கிற இடம்" என்று சொல்லித் தன் செருப்பையும் கழற்றினார். நாங்கள் வெளியே வரும்போது வாசலில் ஓர் அட்டை தொங்கியது: 'காலணிகளை இங்கே விடவும்.'

உள்ளே மேசை மேசையாக ஓலைச் சுவடிகள். பொன்னுத்தாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எழுத்துத் தெரிந்த என்னைவிட அவள்தான் அதிக நேரம் பார்த்தாள். "இம்புட்டுச் சின்னதா எழுதுனா எழுதுனவருக்கே தெரியுமாண்ணே? ஓலைய மடியில வச்சு எழுதுனாரா, கையில புடிச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். சோலை ஓலையை விட்டுவிட்டு அதன் ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டைகளைக் குனிந்து பார்த்தார். "வெத்தலையில விழுகிற ஓட்டையும் இதே மாதிரிதான் மச்சான். ஒரே பூச்சியா இருக்குமோ?" என்றார். மண்டபத்தின் கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன்மேல் 'அயல்நாட்டில் அச்சானவை' என்று எழுதியிருந்தது. உள்ளே இலங்கையில் அச்சானது, ரங்கூனில் அச்சானது, நடுவில் ஒரு சின்ன நீல அட்டைப் புத்தகம். அது எங்கள் அச்சுக்கூடத்தில் போட்ட சிந்துப் பாட்டுப் புத்தகம். முதல் பக்கத்தைச் சுற்றியிருந்த கொடிப்பூ ஓரத்தில் ஒரு பூ தலைகீழாக இருந்தது. அந்தப் பூவைத் தலைகீழாக வைத்த புண்ணியவான் நான்தான். அதற்காக முதலாளி என்னை ஏசினார்.

கை தானாகக் கண்ணாடியின் மேல் போயிற்று. அங்கே நின்ற வாத்தியார் ஒருவர், "தொடாதீங்க சார்" என்றார். "இது நான் கோத்ததுங்க" என்றேன். "சந்தோஷம். தள்ளி நின்னு பாருங்க." நான் வெளிநாட்டிலிருந்து வந்த கனவான் என்று நினைத்து, அதையே இங்கிலீஷிலும் ஒருமுறை சொன்னார். பொன்னுத்தாயிக்கு வந்ததே கோபம்! "எங்கண்ணன் ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்கி வச்ச புஸ்தகம், அவரு தொடக்கூடாதா?" என்று எகிறினாள். வாத்தியார் பொறுமைசாலி. "அம்மா, பாடினவர் பேரு இருக்கு, பதிப்பிச்சவர் பேரு இருக்கு. கோத்தவர் பேரு எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் அவளை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். ஆனால் நடக்க நடக்க அந்தத் தலைப்பு உறுத்திக்கொண்டே வந்தது. அயல்நாடு! அந்தப் புத்தகத்தை அச்சுக்கு ஏற்றிய அன்று மாடியில் எல்லாருக்கும் கேசரி கிண்டிப் போட்டோம். அந்த அறை எனக்கு அயல் என்று அன்று தோன்றவே இல்லை.

வெளியே நன்னாரி சர்பத் குடித்துவிட்டுச் சலனப்படக் காட்சிக்குப் போனோம். தகரக் கொட்டகை. அதன் முன்புறப் பந்தலில் மேஜிக் லாந்தர், படம் காட்டும் இயந்திரம், மூன்று கால் வைத்த படம்பிடிக்கும் பெட்டி எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். சோலை அந்தப் பெட்டியின் கண்ணாடிக்குள் தன் முகத்தை வைத்துப் பார்த்தார். அங்கிருந்த ஆள், "இதுதாண்ணே இதுக்குக் கண்ணு. பாத்தத அப்படியே உள்ள வச்சுக்கிரும்" என்றார். "பேசுறதையும் வச்சுக்கிருமா?" "பேச்சு வராது. அதுக்குத்தான் ஆளு போட்டிருக்கோம்." பொன்னுத்தாயியிடம் படச்சுருளில் ஒரு துண்டைக் கொடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார்கள். சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் அதே குதிரை, அதே மனிதன். "ஒரே ஆள எதுக்கு இத்தன தடவ எழுதி வச்சிருக்கீக? வேற ஆளே கெடைக்கலையா?" என்று அவள் கேட்டதில் கூட்டமே சிரித்தது. அவளும் சிரித்தாள். வந்த நாளில் இருந்து அவள் முகத்தில் நான் பார்த்த முதல் வாய்விட்ட சிரிப்பு அதுதான். கப்பல் பேச்சை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

கொட்டகைக்குள் நடுவே படுதா கட்டி ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். பொன்னுத்தாயி அந்தப் பக்கம் போனாள். நானும் சோலையும் முன்வரிசையில் மணலில் உட்கார்ந்தோம். திரைக்குப் பக்கத்தில் ஆர்மோனியம், டோலக்கு, அவற்றோடு தலைப்பாகையும் நீளப் பிரம்புமாக ஒருவர். ஊமைப் படத்துக்கு வாய் அவர்தான். யார் யாரைக் கட்டினார், யார் யாரைக் கெடுத்தார் என்று பிரம்பால் தொட்டுத் தொட்டுச் சொல்வார். படம் பார்க்கிறவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். எந்தச் சந்தேகமானாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகக் கேட்பார்கள், அவரும் பதில் சொல்லியாக வேண்டும். அதுதான் கொட்டகை வழக்கம். முதலில் ஒரு சாமி படத் துண்டு. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்து 'வெளிநாட்டுக் காட்சிகள்' என்று மணியடித்தார்.

திரை முழுக்கக் கடல். அலை எங்களைப் பார்த்து எழும்பி வந்தது. முன்வரிசை மொத்தமும் வேட்டியைத் தூக்கிக் காலை மடக்கிக்கொண்டது. சோலை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். "மச்சான், இதா கடலு?" "இதான் மாப்ள." அவர் கண் இமைக்கவில்லை. கப்பல் வந்தது, துறைமுகம் வந்தது. தலைப்பாகைக்காரர் பிரம்பை நீட்டி, "சகலமான பேர்களும் பாருங்கள்! லண்டன் மாநகரம்! சக்கரவர்த்தி செங்கோல் செலுத்தும் பட்டணம்!" என்று முழங்கினார். திரையில் கூம்பு வடிவ ஓலைத் தொப்பி போட்ட சீனன் ஒருவன் ரிக்‌ஷா இழுத்துக்கொண்டு ஓடினான். சரி, போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்து எங்கள் துறைமுகத்து மணிக்கூண்டு வந்தது. தினமும் அதைப் பார்த்துத்தான் நான் நேரத்தைத் திருத்துவேன். "சக்கரவர்த்தியின் அரண்மனை!" என்றாரே பார்க்கலாம். அதற்குமேல் என்னால் முடியவில்லை. "லண்டனும் இல்ல, கிண்டனும் இல்ல! அது பினாங்கு!" என்று எழுந்து நின்று கத்திவிட்டேன்.

கொட்டகை கப்சிப். ஆர்மோனியம்கூட நின்றது. தலைப்பாகைக்காரர் கோபிப்பார் என்று பார்த்தால் அவர் முகத்தில் பெரிய நிம்மதி. "தெரிஞ்ச ஆளு இருக்கீகளா? வாங்கண்ணே, வந்து நீங்களே சொல்லுங்க. காலையில இருந்து கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சு" என்று பிரம்பை என் கையில் திணித்துவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். ஈய எழுத்துகளோடு மட்டுமே பேசிப் பழகியவன் நான். பிரம்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் படம் நிற்குமா? ஓடிக்கொண்டே இருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். "இது மீன் பாசார், அதாவது சந்தை. இவரு மலாய்க்காரர், இடுப்புல கட்டியிருக்கிறது கைலி." "அவன் தலையில என்னண்ணே, கூடையக் கவுத்திருக்கான்?" "அது தொப்பி." "பொம்பள கால்சராய் போட்டிருக்கா!" "சீனப் பெண்டுக அப்படித்தான்." "நம்ம ஆளுக இருக்காகளா?" "இல்லாமலா! அந்தா, தலைப்பாகையோட மூட்டை தூக்குறாரு பாருங்க." கொட்டகை கைதட்டியது. எனக்குக் கூச்சம் போய்க் குஷி பிறந்துவிட்டது. "எங்க ஊருல எல்லாச் சாமிக்கும் கோயில் உண்டு, எல்லாச் சாதிச் சோறும் கெடைக்கும்" என்று அடித்துவிட்டேன். "ஒங்க ஊரு எதுண்ணே?" என்று ஒருவர் கேட்டார். "சோழவந்தான்." "அப்ப இது?" "இதுவுந்தான்!" ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் சோலையைப் பார்த்தேன். வாயைப் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் வெளிச்சத்தில் அவர் முகம் ஜொலித்தது. தீர்ந்தது, இவர் கப்பலேறிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏற்றிவிட்டது என் நாக்குத்தான். படுதாவுக்கு அந்தப் பக்கம் என் தங்கை உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைவும் அப்போதுதான் வந்தது. குரலைத் தணித்துக்கொண்டேன். படம் ஒரு தெருவுக்குள் திரும்பி நின்றது. என்ன சொல்வேன்! எங்கள் தெரு. எதிர் வரிசைக் கடையின் மாடியில் இருந்து பிடித்திருக்க வேண்டும். "அந்தா எங்க அச்சுக்கூடம்!" என்று குதித்தேன். அப்போது படுதாவுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது. "அண்ணே! அதுல ஒன் வீடு எது?"

பொதுவாகப் பெண்கள் பக்கத்திலிருந்து கேள்வி வராது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிரம்பை உயர்த்தி மாடி ஜன்னலைத் தொட்டேன். "இதுதான் தாயி. மூங்கில்ல வேட்டி காயுது பாரு, அந்த ஜன்னல்." "வேட்டி இருக்கு, ஆளக் காணோமே!" என்று ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். "ஆளுதான் இங்கன நிக்கிறேன்ல!" என்றேன். டோலக்குக்காரர் அதற்கு ஒரு தட்டுத் தட்டினார். கொட்டகை அதிர்ந்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது திரையில் வெளிச்சம் மங்கியது.

மழை. எங்கள் ஊர் மழை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து கொட்டியது. ரிக்‌ஷாக்காரர்கள் ஓடினார்கள், காகிதக் குடைகள் விரிந்தன, ஜனங்கள் நடைபாதைக் கூரைக்குள் நுழைந்தார்கள். மதுரைக் கொட்டகை "ஆ" என்று வாய்விட்டுக் கூவியது. அவ்வளவு மழையை அவர்கள் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருக்கும். தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகக் கைகள் முளைத்தன. ஒரு கிழவியின் கை, வளையல் போட்ட ஒரு கை. மூங்கில்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. எங்கள் மூங்கில் மட்டும் போகவில்லை. பெண்கள் பக்கத்தில் முதலில் முணுமுணுப்பு, பிறகு கூச்சல். "ஏய், வேட்டி நனையுது!" "யாராச்சும் எடுங்களேண்டி!" "வீட்டுல யாரும் இல்லையா?" ஆண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. "எடுய்யா! எடுய்யா!" படம் என்பதை எல்லாருமே மறந்துவிட்டார்கள். நான் பிரம்போடு ஓரடி முன்னால் எடுத்து வைத்துவிட்டேன். அச்சடித்த மாதிரி அதே இடத்தில் நின்றது மூங்கில். வேட்டி நனைந்து, கனத்து, தொங்கி, மூங்கிலோடு ஒட்டிக்கொண்டது. படம்பிடித்த மகாராசன் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். மெல்ல மெல்லக் கூச்சல் அடங்கியது. பொன்னுத்தாயியின் குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை கணீரென்று இல்லை.

"எடுக்க ஆளில்லையாண்ணே?"

பிரம்பு பிடித்தவன் பதில் சொல்லியாக வேண்டும். சக்கரவர்த்தி, செங்கோல் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். "இல்ல தாயி" என்றேன். அதோடு சுருள் முடிந்து திரை வெள்ளையாகிவிட்டது. அத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயந்து, பிரம்பைத் தலைப்பாகைக்காரரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அது என் வேட்டிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மாடியில் இருக்கும் எல்லாருடையதும் வெள்ளை வேட்டிதான். படம்பிடித்த அன்று நான் கீழே அச்சு இயந்திரத்தின் சத்தத்தில் இருந்தேனா, ஊருக்குப் புறப்பட்டு வந்த பிறகு எடுத்த படமா, அதுவும் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. வேட்டி நனைந்ததை நானே பார்த்தேன்.

வெளியே பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தார்கள். மூவரும் குடித்தோம். கப்பல் விஷயத்தில் ஜெயித்தவள் பொன்னுத்தாயி. ஆனால் ஜெயித்த மாதிரி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கோட்டுத் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். அங்கே மணல் அவ்வளவு ஒன்றும் இல்லை. "ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கிட்டுப் போயேண்ணே" என்று மட்டும் கடைசியில் சொன்னாள். "பாப்போம்" என்றேன். சோலை கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். "கோவிச்சுக்காதீங்க மச்சான். நான் வரல" என்றார். "கடலத்தான் பாத்தாச்சேன்னா?" என்று கேலி பேசப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "கடலு நல்லாத்தான் இருந்துச்சு. அந்த வேட்டியப் பாத்ததுல இருந்து நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது. எனக்கே இப்பிடின்னா இவ எப்பிடித் தாங்குவா? வேண்டாம் மச்சான்." சரி மாப்ள என்றேன். தங்கைக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறியதில் சந்தோஷம்தான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், பக்கத்துப் பாய் காலியாகவே இருக்கப்போகிறது என்பதில் எனக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது.

புறப்படும் நாளில் என்னை ஏற்றிவிட நாகப்பட்டினம் வரைக்கும் சோலை வந்தார். நிஜக் கடலில் முழங்கால் வரை இறங்கினார். குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மச்சான், படத்துல இது தெரியலையே!" என்று முகத்தைச் சுளித்தார். பிறகு அலையைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார். கப்பல் நகரும்வரை கரையிலேயே நின்றார். மறுநாள் விடிந்ததும் கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று அவர் அவசரப்பட்டதும் நினைவிருக்கிறது.

நடுக்கடலில் மறுநாள் பிற்பகல், மேல்தளத்தில் கண்ணயர்ந்திருந்தேன். கால்கள் தாமாக எழுந்துகொண்டன. வானம் கறுத்திருந்தது. எழுந்து ஓடப் பார்த்தால் சுற்றிலும் தண்ணீர்தான், எந்தப் பக்கம் ஓடுவது? அப்போதுதான் நினைவு வந்தது. புறப்பட்ட அன்று காலையில் குளித்துவிட்டு, என் வேட்டி ஒன்றைத் துவைத்துத் தங்கை வீட்டுக் கொல்லைக் கயிற்றில் போட்டேன். ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பெரிய பெரிய துளிகளாக மழை விழ ஆரம்பித்தது. மற்றவர்கள் கூரைக்குள் ஓடினார்கள். நான் நனைந்துகொண்டே நின்று சோழவந்தான் கொல்லைப்புறத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே மழை பெய்திருக்காது. பொன்னுத்தாயி அதைக் காய்ந்த பிறகுதான் எடுத்திருப்பாள்.